கழுத்து மட்டம்

அந்த ஸ்டூலில் உட்காராதீர்கள் சார், அதற்கு ஒரு கால் குட்டை. இதில் உட்காருங்கள். லிஸ்டை மேசையில் வையுங்கள். நான் ஒவ்வொன்றாகக் காட்டக் காட்ட நீங்கள் டிக் அடித்துக்கொண்டே வாருங்கள். உங்களுக்கு முன்னால் மூன்று கெமிஸ்ட்ரி வாத்தியார்கள் என்னிடம்தான் சார்ஜ் எடுத்தார்கள். ஒரு பாட்டில் குறைகிறது என்று ஒருத்தர்கூடச் சொன்னதில்லை.

என் பெயர் மாசானமுத்து. எல்லோருக்கும் மாசானம் அண்ணாச்சி. பிள்ளைகளும் அப்படித்தான் கூப்பிடும், எச்.எம். அம்மாவும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். நீங்களும் அப்படியே கூப்பிடலாம், உங்களுக்கு என் மகன் வயசுதான் இருக்கும். படித்தது ஆறாம் வகுப்பு. அதிலும் ஐந்துதான் முழுசு. ஆனால் இந்த லேபில் இருபத்தாறு வருஷமாக நிற்கிறேன் சார். நின்ற இடத்திலேயே காதில் விழுந்தது கொஞ்சமா? வருகிற முப்பத்தொன்றாம் தேதியோடு என் சர்வீஸ் முடிகிறது. இன்னும் பதினொரு நாள்.

அந்த வரிசையைப் பாருங்கள். பாரியம், சில்வர், அம்மோனியா, அந்தக் கடைசியில் ஹைப்போ. எது ஒன்றாவது கழுத்துக்குக் கீழே இருக்கிறதா? இருக்காது. அது என் வேலை சார்.

நான் வேலைக்கு வந்த இரண்டாம் வருஷம் ஓர் ஆபீசர் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தார். குச்சியால் பாட்டில்களைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டே போனவர், அரைப் பாட்டிலும் கால் பாட்டிலுமாக இருந்த வரிசையில் வந்து நின்றார். "மிச்சமெல்லாம் எங்கேய்யா? நீ குடிச்சிட்டியா?" என்று கேட்டார். சுற்றி நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். பிள்ளைகள் சோதனை செய்கிறார்கள் ஐயா, அதனால் குறைகிறது என்று சொல்லியிருக்கலாம். அடுத்த வாரம் மெமோ வந்தது. 'இருப்பைப் பேணத் தவறியமைக்கு' என்று போட்டிருந்தது. என் வீட்டுக்காரி அதை மடித்து அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தாள், யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாது என்று.

அன்றைக்கு முடிவு செய்தேன், இனிமேல் ஒரு பாட்டிலும் குறைந்து ஒருத்தர் கண்ணில் படக் கூடாது. சாயங்காலம் ஐந்து மணிக்கு கேனை எடுப்பேன். பகலில் எது எவ்வளவு குறைந்திருக்கிறதோ அவ்வளவு ஊற்றிக் கழுத்து மட்டத்துக்குக் கொண்டு வருவேன்.

ஏன் சார் அப்படி நிமிர்ந்து பார்க்கிறீர்கள்? நீங்கள் நினைக்கிற மாதிரி குழாய்த் தண்ணீர் இல்லை. பேட்டரிக் கடையில் விற்கிறானே, காய்ச்சி வடித்த தண்ணீர், அது. நம் ஊர்த் தண்ணீரில் உப்பு இருக்கிறது, அதை ஊற்றினால் பாட்டில் பால் மாதிரி ஆகிவிடும் என்று எனக்குத் தெரியாதா? கெட்டி ஆசிட்டைத் தொடவே மாட்டேன், அது தெறிக்கும். பரீட்சைக்கு எப்படியும் டீச்சர்மார் புதுசாகக் கரைத்துக்கொள்வார்கள். அதனால் யாருக்கும் ஒரு கஷ்டமும் இல்லை.

சந்திரமதி டீச்சர் என்று ஒருவர் இருந்தார்கள். பாடம் எடுத்தால் வாசலில் நிற்கிற எனக்கே புரியும். ஒருநாள் சமநிலை என்று ஒரு பாடம். பாதித் தண்ணீர் உள்ள ஒரு பாட்டிலை இறுக்கி மூடி மேசையில் வைத்துவிட்டு, "இதுல என்ன நடக்கு?" என்று கேட்டார்கள். ஒன்றும் நடக்கவில்லை மிஸ் என்றது வகுப்பு. "அப்படி இல்லை. தண்ணி ஆவியாகி மேலே போய்க்கிட்டே இருக்கு. போன ஆவி தண்ணியாகித் திரும்பிக்கிட்டே இருக்கு. போற வேகமும் வர்ற வேகமும் ஒண்ணு. அதனால மட்டம் மாறலை. வெளியே இருந்து பார்க்கிறவனுக்கு எல்லாம் நின்னு போன மாதிரி இருக்கும்" என்றார்கள்.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது சார். நான் செய்கிறதும் அதுதானே? பகலில் போகிறது, சாயங்காலம் வருகிறது, மட்டம் மாறுவதில்லை. இத்தனை பாட்டிலையும் நான் சமநிலையில் வைத்திருக்கிறேன் என்று டீச்சரிடம் சொல்லலாமா என்று இருந்தது. கூச்சத்தில் விட்டுவிட்டேன்.

அந்த டீச்சர் மேல்தான் சார் எனக்கு ஒரு வருத்தம். நாலு வருஷமாக மனசில் கிடக்கிறது. இங்கிருந்து மாற்றலாகிப் போகும்போது பியூனிடம் சொன்னார்கள், வாட்ச்மேனிடம் சொன்னார்கள், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் என்ன செய்தேன்?

சொல்கிறேன், நீங்களே கேட்டுச் சொல்லுங்கள்.

பன்னிரண்டாம் வகுப்பில் சுடலைவடிவு என்று ஒரு பிள்ளை. வடிவு என்பார்கள். வீட்டில் பீடி சுற்றுகிறார்கள். தாய், அக்கா, இவள், மூன்று பேரும். பள்ளிக்கூடம் விட்டுப் போனால் மடியில் முறத்தைத் தூக்கி வைக்க வேண்டியதுதான். அதனாலேயே கை அப்படி ஒரு கை சார். பிப்பெட் பிடித்தால் ஒரு சொட்டு தப்பாது. டீச்சருக்கு அந்தக் கையைப் பார்த்ததும் பிடித்துப்போயிற்று.

அந்த வருஷம் மாவட்டத்தில் அறிவியல் கண்காட்சி. அதில் தேறினால் மாநிலப் போட்டி. மாநிலத்துக்குப் போகிற பிள்ளைக்கு டீச்சர் படித்த காலேஜில் இடமும் ஹாஸ்டலும் கொடுப்பதாக அந்தக் காலேஜில் டீச்சரிடம் சொல்லியிருந்தார்கள். டீச்சரே வடிவு வீட்டுக்குப் போனார்கள், நானும் வழி காட்டப் போனேன். வடிவு அப்பன் கொம்பையா, கயிற்றுக் கட்டிலில் இருந்தவன் எழுந்திருக்கக்கூட இல்லை.

"என் மச்சான் மகன் இருக்கான் டீச்சர். தை மாசம் முடிச்சிரலாம்னு பேசியாச்சு" என்றான்.

"மாநிலத்துக்குத் தேறிட்டா?"

"தேறட்டும். தேறினா நானே கொண்டுபோய் ஹாஸ்டல்ல விடுதேன். தேறலைன்னா நீங்க இந்த வீட்டுப் படி ஏறக் கூடாது."

"சரி" என்றார்கள் டீச்சர். வீட்டுக்குள்ளே பீடி இலை வெட்டுகிற சத்தம் நின்றுபோயிருந்தது. மூன்று பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று நினைக்கிறேன்.

சோதனை என்னவென்றால், உங்களுக்குத் தெரியாதது இல்லை, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஒரு வெள்ளைத் தாளில் மையால் ஒரு பெருக்கல் குறி. அதன்மேல் குடுவை. குடுவையில் ஹைப்போ, அந்தக் காலத்தில் போட்டோ கழுவுவார்களே, அந்த உப்புக் கரைசல். அதில் ஆசிட்டை ஊற்றியதும் கடிகாரத்தை அழுத்த வேண்டும். மேலேயிருந்து பார்த்துக்கொண்டே இருந்தால் உள்ளே கந்தகம் பிரிந்து பால் கலங்குகிற மாதிரி கலங்கும். பெருக்கல் குறி மங்கி மங்கி மறையும். மறைந்த அந்த நொடியில் கடிகாரத்தை நிறுத்த வேண்டும். அவ்வளவுதான். சூடு பண்ணினால் சீக்கிரம் மறையும், ஐஸில் வைத்தால் லேட்டாகும். வேகம் எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது என்று காட்டுவதற்கு அது.

டீச்சர் கண்டிப்பு. "முதல்ல உன் கை நிக்கணும். ஆறு நாள் சூடு இல்லாம, ஐஸ் இல்லாம, இதே அளவுல இதையே செய். ஆறு நாளும் ஒரே எண் வரட்டும். அப்புறம் சூட்டுப் பக்கம் போவோம்" என்றார்கள். ஹைப்போ உப்பு அந்த வருஷத்துக்கு வந்தது ஒரே டப்பா. அதை மொத்தமாகக் கரைத்து இரண்டு லிட்டர் பாட்டிலில் ஊற்றி, "எல்லா நாளும் இந்த ஒரு பாட்டில்லேருந்துதான் எடுக்கணும். அப்போதான் ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட முடியும்" என்று என் கையில் கொடுத்தார்கள். நான் அதை அந்த ஜன்னலோரம், வெயில் படாத இடத்தில் வைத்தேன். பெருக்கல் குறியை நான்தான் போட்டுக் கொடுத்தேன். என் எழுத்து அழகாக இருக்காது, கோடு நேராக இருக்கும்.

டீச்சருக்கு வகுப்பு இருக்கும். வடிவும் நானும்தான் இங்கே. மத்தியானம் மூன்று மணியிலிருந்து திரும்பத் திரும்பச் செய்வாள். ஒரு நாளைக்கு இருநூறு மில்லி ஆகும். முதல் நாள் நாற்பத்தொரு நொடி. எட்டுத் தடவையும் நாற்பத்தொன்று. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சாயங்காலம் அந்தப் பாட்டிலைத்தான் முதலில் பார்த்தேன். கண்காட்சிக்குப் போகிற பாட்டில் அல்லவா.

மறுநாள் வந்து பார்த்துவிட்டுச் சிரிக்கிறாள். "அண்ணாச்சி, நேத்து இவ்வளவு எடுத்தேன், பாட்டில் நிறைஞ்சு இருக்கு. இது என்ன அட்சயபாத்திரமா?"

"எல்லாம் நான் பாத்துக்கிடுதேன். நீ குறியைப் பாருட்டி" என்றேன்.

அன்றைக்கு நாற்பத்தாறு.

மூன்றாம் நாள் ஐம்பத்தொன்று. நாலாம் நாள் ஐம்பத்தாறு. அப்படியே ஏறிக்கொண்டே போயிற்று சார். பிள்ளை முகம் சுண்டிவிட்டது. "அண்ணாச்சி, நான் லேட்டா அமுக்குதேனா? என் கண்ணுல ஏதும் கோளாறா?" என்று கேட்டாள். நான் பக்கத்திலேயே நின்று பார்க்கிறேன், எனக்கும் அப்போதுதான் மறைகிறது. என் கண்ணும் கெட்டுப் போயிற்றா? பெருக்கல் குறி ரொம்பக் கறுப்பாகிவிட்டதோ என்று புதுத் தாளில் லேசாகப் போட்டுக் கொடுத்தேன். கடிகாரத்துக்கு பேட்டரி மாற்றினேன். நாலுமுக்கு ரோட்டுப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய்கூட விட்டேன். நின்றபாடில்லை.

நான் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போகிறேன், நீங்கள் டிக் அடிக்கவே இல்லை. லிஸ்டுக்குப் பின்பக்கம் என்னமோ எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். எழுதுங்கள், எழுதுங்கள்.

ஏழாம் நாள் டீச்சர் வந்தார்கள், எச்.எம். அம்மாவும் கூடவே. மறுநாள் கண்காட்சிக்குப் பெயர் அனுப்ப வேண்டும். நோட்டை வாங்கிப் பார்த்தார்கள். புருவம் சுருங்கியது.

"ஒரே எண் வரணும்னு சொன்னேன். இது என்ன, படி ஏறுது?"

"அப்படித்தான் மிஸ் வந்துச்சு."

"அதே பாட்டில். அதே ஆசிட். அதே குடுவை. என்ன மாறிச்சு?"

டீச்சர் குனிந்து அவர்களே ஒரு தடவை செய்து பார்த்தார்கள். குறி மறைய எழுபத்தேழு நொடி ஆயிற்று. "எனக்கு எழுபத்தேழு. உனக்கு முதல் நாள் நாற்பத்தொண்ணா?" என்றார்கள். அப்புறம் ஹைப்போ பாட்டிலைத் தூக்கினார்கள். வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார்கள். கலங்கவில்லை, கெடவில்லை, கண்ணாடி மாதிரி இருக்கிறது.

"ஆறு நாளா தினமும் எட்டுத் தடவை செஞ்சே இல்லையா வடிவு?"

"ஆமா மிஸ்."

"பாட்டில் கழுத்து வரைக்கும் இருக்கே. ஒரு விரக்கடை குறையலையே. எதை எடுத்துச் செஞ்சே?"

அந்தக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது சார்.

"ஒரு தடவைகூடச் செய்யலை நீ. உக்கார்ந்து எண் எழுதியிருக்கே. எழுதினதுதான் எழுதினே, ஒரே எண்ணா எழுதவாவது தெரிய வேண்டாமா?" டீச்சர் நோட்டை மூடி மேசையில் வைத்தார்கள். "உங்க வீட்டுக்கு வந்து உங்கப்பா முன்னாடி நின்னேன் வடிவு."

அப்போது அந்தப் பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்தது. "அண்ணாச்சியைக் கேளுங்க மிஸ்" என்று சொல்லவில்லை. பார்த்தது, அவ்வளவுதான்.

நான் சொல்லியிருக்கலாம். பாட்டிலை நிரப்பினது நான்தான் என்று ஒரு வார்த்தை. சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் எச்.எம். அம்மா நிற்கிறார்கள், இருப்பு, பாட்டில், மட்டம் என்று பேச்சு ஓடுகிறது. எனக்கு அந்தக் குச்சி பாட்டிலில் தட்டுகிற சத்தம் கேட்டது சார், இருபது வருஷத்துக்கு முந்தின சத்தம். தவிர, டீச்சர் கேட்டது பிள்ளையைத்தானே? என்னைப் பார்த்து, "அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் மறைக்கிற ஆளா? கேட்கவே இல்லை. அதுதான் என் வருத்தம். கூடவே நின்ற மனிதனைக் கேட்க வேண்டும் என்று படித்தவர்களுக்குத் தோன்ற வேண்டாமா?

கண்காட்சிக்குப் பேப்பர் கூழில் செய்த எரிமலை போயிற்று. சோடா மாவில் வினிகரை ஊற்றினால் பொங்கும், அது. ஆறுதல் பரிசுகூடக் கிடைக்கவில்லை. வடிவுக்குத் தை மாசம் கல்யாணம். பத்திரிகை வைக்க அவள் வரவில்லை, கொம்பையாதான் வந்தான். டீச்சர் பத்திரிகையை வாங்கி, மேசை டிராயரில் வைத்துப் பூட்டினார்கள். மே மாசம் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

இரண்டு வருஷம் கழித்து வடிவைப் பார்த்தேன், பஜாரில் பீடிக் கடை வாசலில். இடுப்பில் ஒரு குழந்தை. கட்டுகளை எண்ணிக் கொடுக்கிறாள். ஒரு தடவை எண்ணினாள். திரும்ப எண்ணினாள். மூன்றாம் தடவையும் எண்ணினாள். கடைக்காரன், "ஏட்டி, உனக்கு உன் கண்ணு மேலேயே நம்பிக்கை இல்லையா? சரியாத்தான் இருக்கு, வை" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை, நாலாம் தடவை எண்ண ஆரம்பித்தாள். என்னைப் பார்த்ததும், "நல்லா இருக்கியளா அண்ணாச்சி" என்றாள். நல்லாத்தான் கேட்டாள். அதற்குப் பிறகு நான் பஜார் வழியாகப் போவதில்லை, ஸ்டேஷன் ரோட்டைச் சுற்றிப் போகிறேன்.

ராத்திரி தூக்கம் வராதபோது நான் ஒன்று நினைத்துக்கொள்வேன் சார். சரி, நான் வாயைத் திறந்திருந்தாலும் என்ன ஆகியிருக்கும்? பாட்டில் ஏன் நிறைந்திருக்கிறது என்பதுதான் தெரிந்திருக்கும். எண் எண்தானே? நாற்பத்தொன்று ஐம்பத்தாறாக ஏறினது ஏறினதுதானே? அதற்கு நான் என்ன செய்ய முடியும்? கண்காட்சிக்கு எப்படியும் போயிருக்க மாட்டாள். பிள்ளை கையில்தான் ஏதோ தவறு. அந்த ஒரு நினைப்பில்தான் என் மனசு ஆறும்.

அவள் நோட்டை அன்றைக்கு இங்கேயே போட்டுவிட்டுப் போய்விட்டாள். நான்தான் எடுத்து அந்த அலமாரியில் பாட்டில்களுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். இருங்கள், காட்டுகிறேன். இதோ. பாருங்கள், எவ்வளவு அழகான கையெழுத்து.

ஏன் சார், நோட்டைத் திறக்க வேண்டாம் என்கிறீர்கள்? முதலில் உங்கள் தாளைப் பார்க்கவா? பார்க்கிறேன். இரண்டு லிட்டர் என்று எழுதியிருக்கிறீர்கள், இருநூறு மில்லி என்று எழுதியிருக்கிறீர்கள். பத்தில் ஒரு பங்கு. கீழே நாற்பத்தொன்று, நாற்பத்தாறு, ஐம்பத்தொன்று, ஐம்பத்தாறு. சரி, நான் சொன்னதுதான். அதற்குக் கீழே அறுபத்திரண்டு, அறுபத்தொன்பது.

இந்த இரண்டையும் நான் சொல்லவில்லையே.

இருங்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நோட்டைத் திறக்கிறேன்.

ஐந்தாம் நாள், அறுபத்திரண்டு. ஆறாம் நாள்.

அறுபத்தொன்பது.

நீங்கள் இங்கே இல்லை சார். நீங்கள் அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்திருப்பீர்கள். உங்களுக்கு எப்படித் தெரியும்? தண்ணீர் ஊற்றினதை வைத்தா? பத்தில் ஒரு பங்கு தினமும் நான் ஊற்றினேன் என்று... ஊற்ற ஊற்ற ஹைப்போ நீர்த்து, குறி மறைகிற நேரம் கூடி... வேண்டாம் சார். புரிகிறது. நீங்கள் சொல்ல வேண்டாம். பதினொரு நாள்தான் இருக்கிறது எனக்கு.

அப்படியென்றால் அவள் எழுதினது ஒன்றுகூடத் தப்பில்லை. கண் தப்பில்லை, கை தப்பில்லை. உலகத்திலேயே அவள் ஒருத்திதான் சரியாகப் பார்த்திருக்கிறாள்.

போய்ச் சொல்லலாம். இப்போது பஜாரில்தான் இருப்பாள், சாயங்காலம் கட்டுக் கொடுக்க வருகிற நேரம். வடிவு, உன் கண்ணு சரிட்டி என்று சொல்லலாம். சொன்னால்? குழந்தையை வலது இடுப்பிலிருந்து இடது இடுப்புக்கு மாற்றிக்கொள்வாள். "சரி அண்ணாச்சி" என்பாள். அப்புறம் கட்டை எண்ணுவாள்.

பெல் அடிக்கிறது. மணி ஐந்து சார்.

பாருங்கள், கை தன்னாலே கேனைத் தூக்கிவிட்டது. நிறைந்த கேன், கனக்கிறது. இதை நான் எங்கே ஊற்ற, சொல்லுங்கள்.